செவலையைக் கொடுத்துக் கருப்பை வாங்கியது

குதிரையை மாற்றச் சொன்னது நான்தான். ஊரில் இதைப் பலவிதமாகச் சொன்னார்கள். வண்டிக்காரருக்குப் புத்தி பிசகிவிட்டது என்றார்கள். குதிரையைக் கொடுத்த கிருமாம்பாக்கத்துக்காரர் அவர் தலையில் நன்றாக மிளகாய் அரைத்துவிட்டார் என்றார்கள். அதெல்லாம் ஒன்றும் கிடையாது. மாற்று என்று சொன்னவள் நான், மாற்ற வைத்தவளும் நான். யார் வந்து கேட்டாலும் செய்தது சரி என்றுதான் சொல்வேன்.

பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலம். என் வீட்டுக்காரர் வில்லியனூர் ரயிலடியில் ஜட்கா ஓட்டிக்கொண்டிருந்தார். நான் பாகூர் ஏரிப் பாசனத்தில் நெல்லும் கரும்பும் பயிர் வைத்த குடும்பத்துப் பெண். கல்யாணமாகி வில்லியனூருக்கு வந்தது அவருடைய ஜட்காவில்தான். புதுப்பெண் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன், மனுஷன் வழி நெடுக என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. குதிரையோடு பேசிக்கொண்டு வந்தார். "மெதுவா போ ராசா, பள்ளம் வருது." "தோ, சாவடி வந்துடுச்சு, நில்லு ராசா." எங்கள் பக்கத்தில் ஒரு பிரெஞ்சு ஊருக்கும் இன்னொரு பிரெஞ்சு ஊருக்கும் நடுவே இங்கிலீஷ்காரன் ஊர் குறுக்கே கிடக்கும். எல்லைக்கு எல்லை சுங்கச் சாவடி. வண்டியை நிறுத்தி, விரித்திருக்கும் வைக்கோலைக் கிளறிப் பார்த்துவிட்டுத்தான் விடுவார்கள். அந்தக் குதிரை சாவடியைக் கண்டால் தானாகவே நின்றுவிடும், சொல்ல வேண்டியதே இல்லை. ஆனாலும் அவர் சொன்னார். இந்த வீட்டில் எனக்கு ஒரு சக்களத்தி உண்டு, அதற்கு நாலு கால் என்று அன்றைக்கே தெரிந்துகொண்டேன்.

செவலை நிற மட்டக்குதிரை அது. செவலை என்றே நான் கூப்பிடுவேன். ராசா என்று அவர் மட்டும்தான் கூப்பிடுவார். வெடிக்கு மிரளாது, மேளத்துக்கு மிரளாது. ரயில் வந்து முகத்துக்கு நேரே புகை விட்டாலும் காதை ஒரு தரம் ஆட்டிவிட்டு நிற்கும். கொள்ளு வேக வைத்துக் கொட்டுகிறவள் நான்தான். கொஞ்சம் தாமதமானால் முன்னங்காலால் தொட்டியைத் தட்டும். தட்டிவிட்டு ஓரக்கண்ணால் பார்க்கும். "தோ வர்றேன்டா, உயிர வாங்காத" என்று திட்டிக்கொண்டே ஓடுவேன். சக்களத்தி என்று சொன்னேனே தவிர, அதன் மேல் எனக்கும் உயிர்தான். இல்லை என்று சொன்னால் பொய்.

ஆனால் வயது என்று ஒன்று இருக்கிறதே. செவலைக்கு வயதாகிவிட்டது, அதை ஒப்புக்கொள்ளாத ஒரே ஆள் என் வீட்டுக்காரர். மூச்சு வாங்கினால் "வெயிலு ஜாஸ்தி" என்பார். கால் இழுத்தால் "லாடம் சரியில்ல" என்பார். லாடமும் மாற்றினோம், மழைக்காலமும் வந்தது, கால் இழுப்பது நிற்கவில்லை. அதற்குள் புதுச்சேரிக்கு மோட்டார் பஸ் ஓட ஆரம்பித்துவிட்டது. ரயிலை விட்டு இறங்குகிற ஜனங்கள் ஜட்காவைத் திரும்பிப் பார்ப்பதில்லை. எங்கள் வீட்டில் உலை கொதித்தது ஒரே ஒரு ஆளால்தான். அவர் கொம்யூன் மருத்துவச்சி, பிரெஞ்சுக்காரன் பஞ்சாயத்தில் சம்பளம் வாங்குகிறவர்.

அந்தம்மாவுக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கிராமங்களும் உண்டு. அங்கே பஸ் போகாது, வண்டிப் பாதைதான். பிரசவ வலி என்று ஆள் வந்தால் எங்கள் ஜட்காவில்தான் போவார். மாதா மாதம் வாடகை வந்துவிடும். அதில்தான் அரிசி, அதில்தான் கொள்ளு. எப்போதோ ஒரு தடவை வண்டி தாமதமானால் பொறுத்துக்கொள்வார். ஐப்பசி மழை விட்ட ஒரு நாள் செவலை ஆற்று மணலில் நின்றுவிட்டது. இவர் இறங்கிக் கெஞ்சுகிறார், தடவிக் கொடுக்கிறார், சக்கரத்தைத் தள்ளுகிறார். அது நகரவில்லை. மருத்துவச்சி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மணலில் நடந்தே போயிருக்கிறார். அவர் போவதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. நல்ல வேளையாகத் தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

திரும்பி வந்தவர் இவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. நேரே என்னிடம் வந்தார். யாரிடம் சொன்னால் காரியம் நடக்கும் என்று அவருக்குத் தெரியும்.

"தோ பாரும்மா, உன் வூட்டுக்காரர் தங்கமான மனுசன். அதுக்காவ நான் புள்ளத்தாச்சிய காக்க வெக்க முடியுமா? தை பொறக்கறதுக்குள்ள வேற குதிர பாத்தீங்கன்னா உங்க வண்டி. இல்லாங்காட்டி நான் வேற வண்டி வெச்சிக்குவேன். அப்புறம் என் மேல வருத்தப்படக் கூடாது."

"வருத்தம் இன்னாம்மா வருத்தம், நாயந்தானே" என்றேன். நியாயம்தான். ஆற்றில் நின்ற குதிரையை வைத்துக்கொண்டு நான் யாரோடு சண்டைக்குப் போவது?

அன்றைக்கு என் வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்ததும் சொன்னேன்.

"மாத்திடலாங்க."

"இன்னாத்த?"

"குதிரைய."

கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்தார். "அது வாயில்லாத ஜீவன்டி."

"எனக்கு வாயி இருக்குது. அந்த வாயிக்குச் சோறு வேணும்."

எழுந்து போய்ச் செவலையின் பக்கத்தில் நின்றுகொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னோடு பேசுவதற்கு வார்த்தை கிடைக்காத மனுஷனுக்கு அங்கே போனால் மட்டும் எங்கிருந்துதான் வருமோ தெரியாது, குசுகுசுவென்று பேசிக்கொண்டே இருப்பார்.

நான் சும்மா இருக்கிற ஆள் இல்லை. வயதான குதிரையை யார் வாங்குவார்கள் என்று சந்தையில் விசாரித்துக்கொண்டே இருந்தேன். கிருமாம்பாக்கத்தில் கல்யாணச் சாமான் வாடகைக்கு விடுகிறவர் ஒருவர் இருந்தார். பந்தல், பெட்ரோமாக்ஸ் விளக்கு, ஜரிகைக் குடை, மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குதிரை, எல்லாம் அவரிடம்தான். அவருடைய கல்யாணக் குதிரை செத்துப்போய்விட்டது என்று காதில் விழுந்தது. எனக்குச் சட்டென்று வெளிச்சமாகிவிட்டது. கல்யாணக் குதிரைக்கு ஓட்டம் எதற்கு? மாப்பிள்ளையைச் சுமந்துகொண்டு மேளத்துக்குப் பின்னால் நடந்தால் போதும். வெடிக்கு மிரளக் கூடாது, சுழி சுத்தமாக இருக்க வேண்டும். நம் செவலைக்கென்றே செய்த வேலை! ஆற்று மணல் இல்லை, அவசரம் இல்லை, கழுத்தில் பூமாலை வேறு. உடனே ஆள் சொல்லி அனுப்பினேன்.

அவர் வந்தார். பின்னால் ஒரு கருங்குதிரையைப் பிடித்துக்கொண்டு வந்தார். இளங்குதிரை, நெஞ்சு அகலம், கால் ஒவ்வொன்றும் உலக்கை மாதிரி. நின்ற இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. அதைப் பார்த்ததும் மருத்துவச்சியை ஏற்றிக்கொண்டு ஆற்று மணலில் அது பாய்ந்து போவதுதான் என் கண்ணில் தெரிந்தது.

வந்தவர் முதலில் செவலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். உடம்பில் முடி எங்கெங்கே சுழித்திருக்கிறது என்று விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். எங்கள் பக்கத்தில் மாடு வாங்கினாலும் சரி, குதிரை வாங்கினாலும் சரி, சுழி பார்க்காமல் யாரும் கயிற்றைத் தொட மாட்டார்கள். செவலைக்கு யோகமான கோபுரச் சுழி. அவர் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறைதான்.

"அப்பிடியே மாத்திக்கலாம். மேல கீழ பணம் ஒண்ணும் வேணாம். ஆனா நான் மறைக்க மாட்டேன்ம்மா, இத்த பாத்துக்குங்க" என்று கருப்பின் இடது கண்ணுக்குக் கீழே காட்டினார். நெல்லை வட்டமாக வைத்தது போல் சின்னதாக ஒரு சுழி.

"பெண்டிழந்தான் சுழி. கட்டினவன் பொண்டாட்டி உசுரோட தங்க மாட்டா. பழசு செத்த அவசரத்துல நான் பாக்காம வாங்கிட்டேன். எம் பொண்டாட்டி பாத்துட்டா. குதிர வூட்ட வுட்டுப் போனாத்தான் வருவேன்னு அவங்க ஆத்தா வூட்டுக்குப் போயி குந்திக்கினு இருக்கறா. கல்யாணத்துக்கும் அனுப்ப முடியாது. புது மாப்பிள்ளைய இதும் மேல ஏத்தினா பொண்ணு வூட்டுக்காரன் என்னை வெட்டிப் போட்டுடுவான்."

இவர் உடனே செவலையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். "வேணாம்."

"இன்னா வேணாம்?"

"இது வேணாம். நீங்க இட்டுக்கினு போங்க, ஐயா."

எனக்கு வந்ததே கோபம். சுழி ஒரு சாக்கு, செவலையை விட மனசில்லை, அதுதான் விஷயம் என்று நினைத்தேன். நான் மாடு கட்டிய வீட்டில் பிறந்தவள், எனக்கு எல்லாச் சுழியும் தெரியும். "இது மாட்டுக்குச் சொன்ன சுழி ஐயா. குதிரைக்கு வந்து சொல்றீங்களே" என்றேன்.

"இதுக்கும் நாலு காலுதானேம்மா" என்றார் அவர்.

"சரி, இருக்கட்டும். தங்காதுன்னு சொல்ற பொண்டாட்டி நான்தானே? நானே பயப்படல, உங்களுக்கு இன்னா வந்துச்சு?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன். "தை பொறக்கப் போவுது. அந்தம்மா வேற வண்டி வெச்சிக்கினா உங்க ராசாவுக்கும் கொள்ளு கெடையாது, எனக்கும் கஞ்சி கெடையாது. அவனாவது போற எடத்துல நல்லா துன்னட்டுமே. சொல்லுங்க."

செவலையின் நெற்றியைத் தடவிக் கொடுத்தார். கடைசியில் மேல்துண்டை எடுத்தார்.

எங்கள் பக்கத்து வழக்கம் அது. கால்நடை கை மாறும்போது கயிற்றைக் கையில் வாங்க மாட்டார்கள், துண்டை விரித்து அதில் வாங்குவார்கள். யார் துணியில் கயிறு விழுகிறதோ அவர்தான் அதற்கு உடையவர். எழுத்தும் வேண்டாம், சாட்சியும் வேண்டாம், அவ்வளவுதான். கிருமாம்பாக்கத்துக்காரர் துண்டில் செவலையின் கயிறு விழுந்தது. என் வீட்டுக்காரர் துண்டில் கருப்பின் கயிறு விழுந்தது. செவலை தெருமுனை வரைக்கும் போய், திரும்பிப் பார்த்துவிட்டு, அந்த ஆளோடு பேசாமல் நடந்தது. நான் உள்ளே போய் கொள்ளுத் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு கருப்புக்குக் கொள்ளு போடப் போனேன். அதனால்தான் சொல்கிறேன், அழுதால் செய்தது தப்பு என்று அர்த்தமில்லை.

கருப்பு என்ன ஓட்டம் ஓடியது என்கிறீர்கள்! ஆற்று மணல் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. முதல் நாளே சாவடியில் நிற்காமல் போய், சுங்கத்துக்காரர்கள் பின்னால் கத்திக்கொண்டு ஓடி வந்து, இவர் கடிவாளத்தை இழுத்து நிறுத்த வேண்டியதாகிவிட்டது. மருத்துவச்சி வண்டியை விட்டு இறங்கும்போது தலைமுடியெல்லாம் கலைந்து சிரித்துக்கொண்டே இறங்குவார். "உங்க குதிர என்னைப் புள்ள பொறக்கறதுக்கு மின்னாடியே கொண்டு போயி எறக்கிடுது" என்பார். எனக்கு உச்சி குளிர்ந்துபோகும்.

இவர் மட்டும் சரியாக இல்லை. கருப்பை வீட்டு ஓரம் கட்ட மாட்டார், கொல்லைக் கடைசியில் பூவரச மரத்தில் கொண்டுபோய்க் கட்டுவார். என்னைக் கிட்டே விட மாட்டார். "நான் போட்டுக்கறேன், நீ போ" என்று கொள்ளுச் சட்டியைக் கையிலிருந்து பிடுங்கிக்கொள்வார். ரயிலடியில் இருக்க வேண்டிய நேரத்தில் திடீரென்று வீட்டு வாசலில் வந்து நிற்பார்.

"இன்னாங்க?"

"சொம்மா."

தண்ணீர் கொடுப்பேன். குடித்துவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விடுவார். செவலை கட்டிய காலி இடத்தைப் பார்க்க வருகிறார் என்று நினைத்தேன். குதிரையை மாற்றியவள் என்று என் மேல் கோபம், அதனால்தான் புதுக் குதிரையைத் தொட விடவில்லை என்று நினைத்தேன். ஒரு நாள் அவர் மேல்துண்டைத் துவைக்கும்போது மெழுகு சொட்டிக் கெட்டியாகியிருந்தது. வண்டி விளக்கின் மெழுகுவத்தி என்று சுரண்டி எடுத்தேன். சட்டைப் பையில் கோயில் குங்குமம் பொட்டலமாக இருந்தது. போன குதிரைக்கு வேண்டுதல் வேறா என்று வாய் விட்டே திட்டினேன். அந்த வீட்டில் அப்போது நான் ஒருத்தி பேசினால் உண்டு, இல்லாவிட்டால் சத்தமே கிடையாது.

தை மாதம் எனக்குக் காய்ச்சல் வந்தது. அந்த வருஷம் தெருவில் பாதிப் பேருக்கு அந்தக் காய்ச்சல்தான், குளிர் தூக்கித் தூக்கிப் போடும். மருத்துவச்சி வந்து பார்த்துவிட்டுக் கொய்னா மாத்திரை கொடுத்தார். வாயெல்லாம் கசந்து கிடந்தேன். கண் திறக்கும்போதெல்லாம் இவர் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது. வண்டிக்குப் போகாமல் இங்கே என்ன செய்கிறார் என்று திட்ட வேண்டும் போலிருந்தது, நாக்குதான் புரளவில்லை.

காய்ச்சல் விட்ட அன்றைக்குக் காலையில் ஒரு சத்தம் கேட்டு விழித்தேன். தொட்டியைத் தட்டுகிற சத்தம். டொக், டொக் என்று, கொஞ்சம் நிறுத்தி மறுபடியும் டொக். எனக்கு உடம்பு சிலிர்த்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வெளியே போனேன். செவலை நிற்கிறது! பழைய இடத்தில், ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு நிற்கிறது. ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். அது என் தோளில் மூக்கைத் தேய்த்தது. எவ்வளவு சந்தோஷம் என்று சொல்ல முடியாது. அதற்குப் பிறகுதான் திரும்பிப் பூவரச மரத்தைப் பார்த்தேன். மரத்தடி காலியாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து மருத்துவச்சி வந்தார். நடந்து வந்தார். செருப்பெல்லாம் சேறு.

"எழுந்திட்டியா, நல்லதா போச்சு. நேத்தும் நடந்துதான் போனேன், இன்னிக்கும் நடந்துதான் வர்றேன். நீ காய்ச்சலா கெடந்தியேன்னு வாயைத் தொறக்கல. நாளைக்குக் காலையில ஆத்துக்கு அந்தாண்ட போவணும். அந்தக் கருங்குதிர வருதா, இல்ல, வேற வண்டி சொல்லிடட்டா?"

"வரும்மா" என்றேன்.

"குதிரயே இல்லியே."

"வரும்னு சொன்னா வரும். நீங்க போயிட்டு வாங்க."

அவர் போனதும் புல்லுக்கட்டோடு இவர் உள்ளே வந்தார். என்னைப் பார்த்ததும் கட்டைக் கீழே போட்டுவிட்டார். நான் விடவில்லை, பிடித்துக்கொண்டேன்.

"கருப்பு எங்க?"

"குடுத்துட்டேன்."

"யார கேட்டுக் குடுத்தீங்க?"

அவர் வாயிலிருந்து விஷயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வாங்க முடிந்தது. கிருமாம்பாக்கத்துக்குப் போய்க் கருப்பைத் திருப்பி விட்டுவிட்டு, செவலையை ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். அந்த ஆள் சம்மதிக்கவில்லையாம். முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் செவலையை நானே கொண்டு வந்து நிறுத்துகிறேன், மாப்பிள்ளையை ஏற்றி நானே பிடித்துக்கொண்டு நடக்கிறேன், கூலி வேண்டாம் என்று காலில் விழாத குறையாகக் கேட்டாராம். அன்றைக்குச் சாயங்காலமே அங்கே ஒரு கல்யாணம், போக வேண்டுமாம்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. கோபத்தில்தான். "அவ்ளோ உயிரா செவல மேல? எங்கழுத்துல தாலியக் கட்டிட்டு, அந்த ஜீவனோட குடும்பம் நடத்துறீங்க. இங்க ஒருத்தி வாயி கிழியக் கத்தி ஒரு வழி பண்ணா, ரெண்டு மாசத்துல அத்தனையும் மண்ணாக்கிட்டு வந்து நிக்கறீங்களே! குதிர இல்லாம உங்களால இருக்க முடியாதா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்த மனுஷன் என்னிடம் சத்தம் போட்டது அன்றைக்குத்தான்.

"குதிர போனா வேற குதிர மாத்திக்கலாம்டி! நீ போயிட்டா நான் எந்தச் சந்தையில போயி உன்ன மாத்துறது?"

அவர் அந்த இடத்திலேயே குந்தி உட்கார்ந்துகொண்டு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். "அந்தச் சுழிய பாத்த நாள்லேந்து எனக்குச் சோறு எறங்கல. வாயால சொன்னா பலிச்சிடும்னு சொல்லாம கெடந்தேன். கோயிலுக்குப் போனேன், மாதா கோயிலுக்கும் போயி மெழுகுவத்தி ஏத்தினேன். அப்பியும் உனக்குக் காய்ச்சல் வந்துச்சு. நான் இன்னாடி பண்ணுவேன்?"

அப்போதுதான் எல்லாம் விளங்கியது. நேரங்கெட்ட நேரத்தில் வாசலில் வந்து நின்றது, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனது, கொள்ளுச் சட்டியைப் பிடுங்கியது, மெழுகு, குங்குமம், எல்லாமே நான் உயிரோடு இருக்கிறேனா என்கிற பயம். வழி நெடுகக் குதிரையோடு பேசிக்கொண்டு என்னைக் கூட்டி வந்த ஆள் இது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். காய்ச்சல் விட்ட உடம்பு, தலை சுற்றியது. அவர் முதுகில் சாய்ந்துகொண்டேன். செவலை தொட்டியை மறுபடியும் தட்டியது. "இருடா" என்றோம், இரண்டு பேருமாக.

ஆனால் நாளைக் காலையில் மருத்துவச்சி வருவார். வரும் என்று சொல்லிவிட்டேன். பாசம் உலையில் கொதிக்காது. சுழியாவது மண்ணாவது என்று நான் ஆயிரம் சொன்னாலும் இந்த மனுஷன் நம்பப் போவதில்லை. நம்பாத ஆளை நம்ப வைப்பதைவிட, அவர் நம்புகிறதை வைத்தே வழி பார்க்கலாம் என்று தோன்றியது. கஞ்சி குடித்துக்கொண்டே யோசித்தேன். கஞ்சி முடிவதற்குள் பிடிபட்டுவிட்டது.

"சாயங்காலம் கல்யாணத்துக்கு நானும் வர்றேன்" என்றேன்.

"காய்ச்சக்காரி எங்க வர்ற?"

"மாப்பிள்ள ஊர்வலம் பாக்க."

செவலையை ஜட்காவில் பூட்டி மத்தியானமே கிளம்பினோம். அது தன் பாட்டுக்கு நடந்தது. ஆற்றைத் தாண்டும்போது இருவரும் இறங்கி நடந்து சக்கரத்தைத் தள்ளினோம். சாவடிகளில் தானாக நின்றது. "உங்க குதிர எங்களுக்குச் சல்யூட் அடிக்குதுய்யா" என்று ஒரு சுங்கத்துக்காரர் சிரித்தார். வெயில் சாய்கிற நேரத்துக்குக் கிருமாம்பாக்கம் போய்ச் சேர்ந்தோம். கல்யாணச் சாமான்காரர் வீட்டு வாசல் பூராவும் ஆட்கள். மேளக்காரர்கள், விளக்கு சுமக்கிறவர்கள், ஜரிகைக் குடையைத் தட்டித் துடைக்கிறவர்கள். கருப்பு ஒரு மூலையில் கட்டிக் கிடந்தது, பக்கத்தில் யாரும் போகவில்லை.

"வூட்டுக்காரம்மா இருக்கறாங்களா?" என்று கேட்டேன்.

"எங்க இருக்கறா? மறுபடியும் ஆத்தா வூட்டுக்குப் போயிட்டா" என்றார் அவர், அழாத குறையாக.

நான் எதிர்பார்த்ததுதான். "ஐயா, பழையபடி மாத்திக்கலாம். செவல உங்களுக்கு, கருப்பு எங்களுக்கு. உங்க வூட்டுக்காரம்மாவ வரச் சொல்லுங்க."

"ஏய்!" என்று என் வீட்டுக்காரர் பதறிப்போய்க் கையைப் பிடித்தார்.

"கொஞ்சம் இருங்க." சாமான்காரரிடம் திரும்பினேன். "நீங்க சுழி சாஸ்திரம் தெரிஞ்சவரு. இந்தப் பெண்டிழந்தான் சுழி யாரத் தின்னும்?"

"கட்டினவன் பொண்டாட்டிய."

"கட்டினவன்னா யாரு?"

"யாரு துண்டுல கயிறு வுழுதோ அவன்தான்."

"சரியா சொன்னீங்க" என்று முந்தானையை உதறி இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தேன். "கயிற இதுல போடுங்க. குதிரைக்கு உடையவ நானு. என் பொண்டாட்டி யாருன்னு தேடிப் புடிச்சு அந்தச் சுழி தின்னுக்கட்டும்!"

தவில்காரர்தான் முதலில் சிரித்தார். அவர் சிரித்ததும் வாசலே சிரித்தது. சாமான்காரர் சிரிக்கவில்லை. மெய்யாகவே யோசித்தார். வெற்றிலையை மென்றுகொண்டு கருப்பின் சுழியைப் பார்த்தார், என் முந்தானையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார்.

"பொம்பள கட்டினா இன்னா ஆவும்னு சாஸ்திரத்துல இல்லியே" என்றார் கடைசியில்.

"இல்லேன்னா இல்லதான்" என்றேன்.

என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது. உடையவள் இவள், இவளுக்குப் பெண்டாட்டி கிடையாது, அப்படியானால் சாக வேண்டியவர் யாரும் இல்லை என்று அவர் மனசுக்குள் கூட்டிக் கழித்துப் பார்ப்பது முகத்திலேயே தெரிந்தது. இரண்டு மாதமாக இறங்காமல் நெஞ்சில் நின்றிருந்தது மெல்ல இறங்கியது. தானே போய்க் கருப்பை அவிழ்த்தார். சாமான்காரர் கையில் கொடுத்தார். கயிறு என் முந்தானையில் விழுந்தது.

செவலைக்கு மாலை போட்டு, நெற்றியில் பட்டம் கட்டி, மாப்பிள்ளையை ஏற்றினார்கள். வெடி வெடித்தது. காதை ஒரு தரம் ஆட்டிவிட்டு நடந்தது. ராசா என்று இவர் கூப்பிடும்போதெல்லாம் நான் கேலி செய்வேன், அன்றைக்கு அது மெய்யாகவே ராஜா மாதிரித்தான் இருந்தது. இவர் கூடவே தெருக்கோடி வரை நடந்து, கழுத்தைத் தடவிக் கொடுத்து, ஏதோ குசுகுசுவென்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. இந்தத் தடவை எனக்குப் பொறாமையாக இல்லை.

திரும்பும்போது கருப்பு காற்றாகப் பறந்தது. மறுநாள் காலையில் மருத்துவச்சி வரும்போது ஜட்கா வாசலில் தயாராக நின்றது. அதற்கப்புறம் அந்த வாடகை எங்கள் கையை விட்டுப் போகவே இல்லை. கருப்பை வீட்டு ஓரத்திலேயே கட்டினோம், கொள்ளு நான்தான் போட்டேன். ராத்திரி வண்டி அவிழ்த்துவிட்டு வந்தால், "மொதலாளிம்மா, உங்க குதிர நல்லா ஓடிச்சு" என்பார் இவர். குதிரை எனது, அவர் எனக்கு வண்டிக்காரர். இதை ஊர் முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பேசாத மனுஷனுக்கு அந்த ஒரு விஷயத்தில் மட்டும் பேச்சு ஊறியது.

கருப்புக்கும் பிறகு வயதானது, அதையும் மாற்றினோம், ஜட்காவே இல்லாத காலமும் வந்தது. எங்களுக்குள் சண்டை மட்டும் ஓயவில்லை. நான் வாய்க்காரி, அவர் பிடிவாதக்காரர், எப்படி ஓயும்? கைமீறிப் போகிற நேரத்தில் நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஒத்து வரலன்னா திருக்கனூர் சந்தைக்கு இட்டுக்கினு போயி மாத்திக்குங்க" என்பேன். அவர் அப்படியே வாயை மூடிக்கொள்வார். என்னை ஒரு பார்வை பார்ப்பார், முன்பு வாசலில் வந்து நின்று பார்த்த அதே பார்வை. கடைசி வரைக்கும் அவர் மாற்றிக்கொள்ளவில்லை. நானும்தான்.